பழைய காரும் குளிர்சாதனக் குழாயும்



வடநாட்டில் வாழும் நமக்கு வேனில் என்பது ஒரு பருவத்தின் பெயர் மட்டுமன்று. ஆண்டுதோறும் வந்துபோகும் ஒரு சோதனையின் பெயருமாகும். மே, ஜூன் மாதங்களில் தில்லியிலும் நாகபுரியிலும் வெப்பமானி 45 டிகிரியைத் தொடுவதுண்டு. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வெப்பம் அத்துணை ஏறாவிடினும் காற்றின் ஈரம் உடலை வாட்டிவிடும். ஊரிலிருந்து வரும் முதிய பெற்றோரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரவும், காய்ச்சலில் துவண்ட குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்லவும் நம்மிற் பலர் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சிறிய காரையே இன்றும் நம்பியிருக்கிறோம். அக்காரின் குளிர்சாதனம் ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்திருக்கலாம். இன்று அது தேவையாகிவிட்டது.

அந்தக் குளிர்சாதனம் ஒரு நாள் வெதுவெதுப்பான காற்றையே வீசத் தொடங்குகிறது. பட்டறைக்குச் செல்கிறோம். "கேஸ் கம் ஹை, பர்வா லீஜியே" என்கிறார் மெக்கானிக். வாயு குறைந்திருக்கிறது, நிரப்பிக்கொள்ளுங்கள் என்பது பொருள். நிரப்புகிறோம், குளிர்கிறது, மகிழ்கிறோம். இரண்டு மாதங்களிலோ, அடுத்த வேனில் தொடங்கும்போதோ பழைய கதை திரும்புகிறது. மீண்டும் பட்டறை, மீண்டும் வாயு, மீண்டும் செலவு. இவ்வட்டத்திலிருந்து வெளியேறும் வழி யாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். குளிர்சாதன வாயு பெட்ரோலைப்போல் எரிந்து தீர்வதன்று. அது மூடிய வட்டத்திற்குள் சுற்றிச் சுற்றி வருவது. நூறு முறை சுற்றினாலும் அதன் அளவு குறையாது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓரிடத்தில் அது வெளியே போயிருக்கிறது என்றே பொருள். ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு வாயு கசிவது இயல்பு. ஆனால் ஆண்டுதோறும் நிரப்ப வேண்டியிருந்தால் அது இயல்பன்று, பழுது. ஆகவே "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே கசிகிறது?" என்பதாகும்.

அவ்வட்டத்தைச் சற்றே சுற்றிப் பார்ப்போம். எஞ்சினின் பக்கத்தில் பெல்ட்டினால் சுழலும் கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தத்தால் சூடேறிய வாயு, ரேடியேட்டருக்கு முன்னே நிற்கும் கண்டென்சருக்குச் சென்று வெப்பத்தை வெளிக்காற்றிடம் விட்டுத் திரவமாகிறது. அத்திரவம் டிரையர் என்னும் சிறு கலத்தைக் கடக்கிறது. அக்கலத்தில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கின்றன. பின்னர் எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளை வழியே புகுந்து அழுத்தம் தாழ்ந்து, வண்டியின் முன்பலகைக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. ஆவியாகும்போது வண்டியினுள் இருக்கும் வெப்பத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது.

இவ்வழியின் பெரும்பகுதி அலுமினியக் குழாய்தான். எனின் ரப்பர்க் குழாய் எதற்கு? காரணம் எளிது. கண்டென்சர் வண்டியின் உடலோடு அசையாமல் பிணைக்கப்பட்டது. கம்ப்ரஸரோ எஞ்சினோடு பிணைக்கப்பட்டது. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமர்ந்து ஓயாது அதிர்கிறது. கிளட்சை விடும்போது ஒருபுறம் சாய்ந்தும் நிமிர்கிறது. அசைவதையும் அசையாததையும் உலோகக் குழாயால் இணைத்தால் உலோகம் விரைவிலேயே விரிசல் காணும். ஆதலின் அவ்விடங்களில் வளையும் குழாய் வேண்டியிருக்கிறது. அதைத்தான் பட்டறையில் ஹோஸ் என்றும் ஏ.சி. பைப் என்றும் கூறுகின்றனர். கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் சற்று மெல்லிய குழாய் ஒன்று. கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் மற்றொன்று. பெரும்பாலான சிறு கார்களில் இவ்விரண்டுமே முதலில் முதுமை எய்துபவை.

அவை தாங்கும் சுமையை எண்ணிப் பாருங்கள். காரின் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2 மடங்கு. கடும் வேனிலில் கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் குழாயில் 15 முதல் 20 மடங்கு அழுத்தம் நிற்கிறது. கூடவே தொட முடியாத சூடு, எஞ்சினின் அதிர்வு, புகைப்போக்கியிலிருந்து வரும் வெப்பம். குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டாலும் ஓய்வு கிடையாது. 40 டிகிரி வெப்பத்தில் சும்மா நிற்கும் வண்டியிலும் வாயு ஏறத்தாழ 9 மடங்கு அழுத்தத்தில் குழாய்ச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் "இம்மாதம் நான் ஏ.சி. போடவே இல்லையே, வாயு எப்படிப் போயிற்று?" என்ற வியப்புக்கு இடமில்லை.

நல்ல குளிர்சாதனக் குழாய் வெறும் ரப்பர் அன்று. உள்ளே வாயு ஊடுருவாதபடி நைலான் படலமும், அதன்மேல் ரப்பரும், அழுத்தத்தைத் தாங்க நூற்பின்னலும், வெளியே வெப்பத்தைத் தாங்கும் ரப்பர்ப் போர்வையுமாகப் பல அடுக்குகள் கொண்டது. அதன் இரு முனைகளிலும் அலுமினிய வாய்கள் பொருத்தப்பட்டு, உலோக வளையத்தை எந்திரத்தால் நெரித்து இறுக்கப்பட்டிருக்கும். குழாயின் நடுப்பகுதி வெடிப்பது அரிது. ரப்பர் இறுகி வயதாகும்போது, இந்த நெரித்த கழுத்துப்பகுதியே பெரும்பாலும் முதலில் கசியும். அடுத்தது, இரும்புச் சட்டத்தின்மேல் உராய்ந்து தேய்ந்த இடம். மூன்றாவது, இணைப்புகளுக்குள் இருக்கும் ஓ-ரிங் என்னும் சிறு ரப்பர் வளையம். இது மிகச் சிறிய பொருள். ஆயினும் இது காய்ந்து தட்டையாகிவிட்டால், குழாய் முழுவதும் புதிதாக இருந்தும் பயனில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க முதற்கருவி நம் கண்ணே. வாயுவோடு கம்ப்ரஸருக்குரிய எண்ணெயும் வட்டம் முழுவதும் சுற்றுகிறது. வாயு வெளியேறும் இடத்தில் எண்ணெயும் சிறிது வெளிப்பட்டுப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்தபின் மூடியைத் திறந்து, குழாய்களின் கழுத்தையும் இணைப்புகளையும் விளக்கொளியில் பாருங்கள். மற்ற இடங்கள் உலர்ந்திருக்க, ஓரிடம் மட்டும் ஈரக் கறுப்பாகத் தோன்றினால் ஐயம் அங்கேதான். பின்னர் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். நுண்ணிய கசிவு சோப்பு நீருக்குத் தென்படாது. அதற்கு மின்னணு மோப்பக் கருவியும், வட்டத்திற்குள் சாயத்தைக் கலந்து புறஊதா விளக்கால் காணும் முறையும் உண்டு. வாயு முற்றும் போய்விட்ட வண்டியில் உலர்ந்த நைட்ரஜனை அளவோடு ஏற்றிச் சோதிப்பார்கள். நைட்ரஜனுக்குப் பதிலாக ஆக்ஸிஜனை ஒருபோதும் ஏற்றக் கூடாது. அழுத்தமான ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இனி, மாற்றும் வேலைக்கு வருவோம். இதை வீட்டு வாயிலில் நாமே ஸ்பானர் கொண்டு செய்துவிடலாம் என்று எண்ணுதல் தகாது. குழாயைக் கழற்றுவது அரிய கலையன்று. ஆனால் அழுத்தத்தில் உள்ள வாயு திடீரென்று வெளிப்பட்டால் கண்ணையும் தோலையும் உறையவைத்துவிடும். ஆர்-134ஏ என்னும் வாயு திறந்த காற்றில் கொதிப்பது, உறைநிலைக்கும் 26 டிகிரி கீழே. அவ்வாயு தீச்சுவாலையிற் பட்டால் நச்சுப்புகையாக மாறும். ஆதலின் வேலை நடக்குமிடத்தில் பீடி, சிகரெட்டுக்கு இடமில்லை. நமது கடமை வேலையைச் செய்வதன்று. வேலை செம்மையாக நடக்கிறதா என்று அறிந்து பார்ப்பது.

செம்மையான முறை இது. முதலாவதாக, வட்டத்தில் எஞ்சியிருக்கும் வாயுவை அதற்குரிய எந்திரத்தால் சிலிண்டரில் உறிஞ்சிக்கொள்ள வேண்டும், காற்றில் திறந்துவிடலாகாது. அடுத்து, இணைப்பைக் கழற்றும்போது இரு ஸ்பானர்கள் வேண்டும். ஒன்று நிலையான பகுதியைப் பிடிக்க, மற்றொன்று திருகைத் திருப்ப. ஒற்றை ஸ்பானரால் வலித்தால் மெல்லிய அலுமினியக் குழாய் முறுகிக் கண்டென்சரும் கெடும். ஹோஸ் மாற்ற வந்தவர் கண்டென்சருக்கும் பணம் கொடுக்க நேரும். திறந்த வாய்களை உடனே மூடிவைக்க வேண்டும். ஏனெனில் உள்ளிருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சும்.

புதுக் குழாயைப் பற்றி ஒரு சொல். வண்டி நிறுவனத்தின் குழாய் கிடைத்தால் அதுவே நன்று. பழைய வண்டிகளுக்கு அது கிடைக்காமற் போவதுண்டு. அப்போது தில்லியின் காஷ்மீரி கேட் போன்ற உதிரிப்பொருள் சந்தைகளைச் சார்ந்த பட்டறைகளில், பழைய குழாயின் அலுமினிய வாய்களை வைத்துக்கொண்டு புது ரப்பரைப் பொருத்தித் தருவார்கள். இதில் குற்றமொன்றுமில்லை, இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால். ரப்பர், நைலான் படலம் உள்ள குளிர்சாதனக் குழாயாக இருக்க வேண்டும். முனையை நெரிப்பது அதற்குரிய அழுத்தும் எந்திரமாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகுக் கிளிப்பை மாட்டி, "இது போதும் சாஹப்" என்று ஒருவர் கூறினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவதே அறிவுடைமை. சக்கரத்தைவிட ஏழு முதல் பத்து மடங்கு அழுத்தத்தை அக்கிளிப் தாங்காது.

குழாயைப் பொருத்தும்போது ஒவ்வோர் இணைப்பிலும் புதிய ஓ-ரிங் வேண்டும். அதன்மேல் தடவ வேண்டியது குளிர்சாதன எண்ணெய், கிரீஸ் அன்று. பழைய குழாயோடு வெளியேறிய எண்ணெய்க்கு ஈடாக, அவ்வண்டிக்குரிய எண்ணெயையே அளந்து சேர்க்க வேண்டும். குழாய் புகைப்போக்கியையும் விசிறியையும் தொடாமல், பழைய கவ்விகளிலேயே அமர்ந்து, எஞ்சின் சாயும்போது இழுபடாத அளவு தளர்வோடு செல்ல வேண்டும்.

டிரையரையும் மாற்றிவிடுதல் நன்று. வட்டம் திறந்து கிடந்தபோது அதனுள் இருக்கும் மணிகள் ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். எஞ்சிய ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும்; எண்ணெயோடும் வாயுவோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே உலோகத்தை அரிக்கும்.

அடுத்தது வேக்குவம், அதாவது வட்டத்திலுள்ள காற்றை முழுவதும் இறைத்தல். அவசரக்காரர்கள் சுருக்கிவிடும் படி இதுவே. காற்றை அகற்றுவது இதன் ஒரு பாதிப் பயன். ஈரத்தை அகற்றுவதே மறுபாதி. அழுத்தம் தாழத்தாழ நீரின் கொதிநிலையும் தாழும். வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 24-ல் ஒரு பங்காக அழுத்தம் இறங்கினால், நீர் 30 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். அந்த ஆழத்திற்கு இறக்கி, அங்கேயே நிறுத்தி, ஆவியை இழுத்து வெளியேற்ற நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடத்தில் இது முடியாது; அரைமணியேனும் வேண்டும். பின்னர் பம்ப்பை நிறுத்தி முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். முள் நின்றது என்பதாலேயே கசிவு அறவே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. அப்போது வெளிக்காற்று உள்நோக்கி ஒரே மடங்கு அழுத்தத்தில் தள்ளுகிறது. ஓடும்போதோ வாயு வெளிநோக்கிப் பதினைந்து மடங்கு தள்ளும். ஆகவே வாயு நிரப்பியபின் இணைப்புகளை மறுமுறையும் சோதிப்பது இன்றியமையாதது.

இறுதியாக, வாயு நிரப்புதல். எவ்வளவு கிராம் என்பது எஞ்சின் மூடியின் அடியிலோ அருகிலோ ஒட்டிய சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சிறு கார்களில் பெரும்பாலும் அரைக் கிலோவை ஒட்டியே இருக்கும். தராசில் நிறுத்து நிரப்புவதே நேர்மையான முறை. கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்று ஏற்றினால் மிகையாகிவிடும். மிகையான வாயு மிகையான குளிர்ச்சியைத் தராது. அழுத்தத்தை உயர்த்தி அடுத்த குழாயை உடைப்பதே அதன் வேலை. சமையல் வாயு போன்ற எரியும் வாயுவை மலிவு கருதிச் சிலர் நிரப்புவதாகக் கேள்விப்பட்டால் அங்கு நிற்கவே வேண்டா. கூலிங் காயில் கசிந்தால் அது நம் குடும்பம் அமர்ந்திருக்கும் மூடிய அறைக்குள்ளேயே நிறையும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஆண்டுக்கொரு முறை வாயு நிரப்பிக்கொண்டு போகலாமே என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு இரு விடைகள் உள்ளன.

முதலாவது, நம் பணப்பையைச் சார்ந்தது. கம்ப்ரஸருக்கு எண்ணெயைத் திரும்பக் கொண்டுவருவது சுழலும் வாயுவே. வாயு குறைந்தால் எண்ணெய் ஆங்காங்கே தங்கிவிடும். கம்ப்ரஸர் வறண்டு ஓடித் தேய்ந்து இறுகிப்போகும். அதன் உலோகத் துகள்கள் வட்டம் முழுவதும் பரவிக் கண்டென்சரையும் வால்வையும் அடைக்கும். இதைத் தடுக்கவே, வாயு மிகக் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்திவிடும் ஸ்விட்ச் ஒன்று பல வண்டிகளில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஸ்விட்ச்சை ஒரு கம்பித் துண்டால் இணைத்து ஏமாற்றி ஓடவைப்பது கெடுதலுக்குக் கதவு திறப்பதாகும். ஹோஸுக்குக் கொடுக்கத் தயங்கியவர், அதன் விலையைப்போல் பன்மடங்கைக் கம்ப்ரஸருக்குக் கொடுக்க வேண்டி வரும்.

இரண்டாவது, எல்லாருக்கும் பொதுவான வானத்தைச் சார்ந்தது. 1990-களில் ஓடிய கார்கள் பலவற்றில் இருந்த ஆர்-12 என்னும் வாயு, ஓசோன் படலத்தை அழிப்பது என்று தெளிந்ததால், 1987-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே உலகெங்கும் விலக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் வெப்பத்தைப் பூமியில் சிறைப்படுத்துவதில், நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கரிய வாயுவுக்கு ஒப்பாகும். அதனால் இவ்வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் கிகாலியில் முடிவாயிற்று. 2021-ல் இந்தியாவும் அதை ஏற்றது. அரைக் கிலோ வாயு கசிந்தால், ஏறத்தாழ 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்கு நிகர். வெயிலுக்கு அஞ்சி நாம் நிரப்பும் வாயு, கசிந்து சென்று வெயிலையே வளர்க்கிறது.

மொழி தெரியாத ஊரில் பட்டறைக்குச் செல்வோருக்கு நான்கு இந்தி வாக்கியங்களைக் கூறுகிறேன். மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கு இது எளிய பணி. "லீக் கஹாங் ஸே ஹை, திகாயியே" என்றால், எங்கிருந்து கசிகிறது, காட்டுங்கள். "டிரையர் பீ பதலியே" என்றால், டிரையரையும் மாற்றுங்கள். "கேஸ் வஜன் கர்கே டாலியே" என்றால், வாயுவை நிறுத்துப் போடுங்கள். "புரானா பைப் வாபஸ் தீஜியே" என்றால், பழைய குழாயைத் திருப்பிக் கொடுங்கள். இவற்றோடு "உஸ்தாத்ஜி" என்ற ஒரு மரியாதைச் சொல்லையும் சேர்த்துக்கொண்டால் காரியம் இன்னும் இனிதே முடியும். தொழில் தெரிந்தவர் கேள்வி கேட்பவரை வெறுப்பதில்லை. கசியும் இடத்தைக் கைவிளக்குப் பிடித்துக் காட்டவே விரும்புவார்.

செலவிடுமுன் பதிவுச் சான்றிதழையும் ஒருமுறை பாருங்கள். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளையும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளையும் பற்றி 2018-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2025-ல் அதில் மாற்றங்களும் நேர்ந்தன. நம் வண்டி இன்னும் எத்தனை வேனில் ஓட உரிமை பெற்றது என்று தெரிந்தபின் செலவைத் தீர்மானிப்பது நலம். ஓரிரண்டு ஆண்டுகளேனும் ஓடுமாயின், குழாயை மாற்றுவதே சிக்கனம்.

மாற்றியபின் செய்ய வேண்டியது சிறிதே. குளிர்காலத்திலும் பத்து நாளுக்கொரு முறை சில நிமிடம் குளிர்சாதனத்தை ஓடவிடுங்கள். எண்ணெய் சுழன்று ரப்பர் வளையங்களைக் காயாமல் காக்கும். வேனில் பிறக்குமுன் எஞ்சின் மூடியைத் திறந்து, குழாய்களின் கழுத்தில் புதிய எண்ணெய்க்கறை உண்டா என்று பாருங்கள். ஜூன் மாதத்து நெருக்கடியில் பட்டறைக்குச் செல்பவருக்கு அவசர வேலையே கிடைக்கும். மார்ச்சிலேயே செல்பவருக்கு அமைதியாகப் பார்த்துச் செய்த வேலை கிடைக்கும்.